கதவுச் சுவிட்ச்

7 ஜூலை 2025, திங்கள்

மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. ராயப்பேட்டையிலிருந்து மந்தைவெளி வரை ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற ஒவ்வொரு பள்ளத்திலும் தொடையில் ஓர் இடி.

கம்ப்யூட்டர் சொல்படி வெட்டுகிற சின்ன சி.என்.சி. ரவுட்டர். மேஜை மேல் வைத்து மரமும் அக்ரிலிக்கும் செதுக்கலாம். காபி டிரே அளவுக்குத்தான் வேலை செய்யும் இடம். பரிசு ஷீல்டு, பெயர்ப்பலகை செய்கிற ஆசிஃப் பெரியது வாங்கிவிட்டதால் இதை எனக்குத் தள்ளிவிட்டார். பெயர்ப்பலகை ஆர்டர்களும் கொஞ்சம் தருகிறேன் என்றிருக்கிறார். கிண்டி கம்பெனியை விட்டு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஏதாவது செய்தாக வேண்டும்.

"நீங்க இருபத்திரெண்டு வருஷம் பெரிய மெஷினுங்க கூட இருந்தவரு சார். இது உங்களுக்கு பொம்மை" என்றார் ஆசிஃப்.

சிரித்தேன். சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

9 ஜூலை

இன்னும் பிளக்கைச் செருகவில்லை. நாளைக்கு.

10 ஜூலை

ஓட்டினேன். வெறும் காற்றில், மரம் எதுவும் வைக்காமல். மிக்ஸி அளவுகூடச் சத்தமில்லாத மோட்டார். ஆனால் வேகம் ஏற ஏற ஒரு சுருதியில் வந்து நின்றது பார், அது அதேதான். காதுக்குப் பின்னால் "சார்" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மனைவி தாரணி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயாயிற்று. வீட்டில் நான் மட்டும்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

12 ஜூலை, சனி

ரிச்சி ஸ்ட்ரீட் போய் வெட்டுகிற பிட்டைச் சுழற்றும் ஐந்நூறு வாட் ஸ்பிண்டில் மோட்டார் வாங்கி வந்தேன். பழையது கெட்டி மரத்தில் திணறும் என்று தாரணியிடம் சொன்னேன். அது உண்மைதான். அதற்காக வாங்கவில்லை. வேறு சத்தம் வேண்டும் எனக்கு.

20 ஜூலை

புது மோட்டார் மாட்டியாயிற்று. சத்தம் கனமாக இருக்கிறது. இன்னும் நெருக்கமாக.

2 ஆகஸ்ட்

இந்த ஒரு மாதத்தில் சேர்த்தவை: எல்லை தாண்டினால் நிறுத்த நான்கு மூலைக்கும் லிமிட் சுவிட்ச். சிவப்பு எமர்ஜென்சி பட்டன், உள்ளங்கை அளவு. ஆட்டம் குறைய அடியில் அலுமினியக் கட்டை. இதுவரை ஒரு துண்டு மரம்கூட வெட்டவில்லை.

"ஒரு மாசமா இதுக்கு நகை போட்டுண்டே இருக்கேளே, கல்யாணம் எப்போ?" என்றாள் தாரணி. ஜோக் நன்றாகத்தான் இருந்தது. சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாம் என்றாள். பட்டினப்பாக்கம் நடந்தே போகும் தூரம். வண்டியை எடுத்து எலியட்ஸ் பீச்சுக்கு அழைத்துப் போனேன். ஆறு வருஷமாக இப்படித்தான். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

22 ஆகஸ்ட்

இன்று தேதி 22. வேறொன்றும் எழுதப் போவதில்லை.

23 ஆகஸ்ட்

எழுதிவிடுகிறேன். ஒரு தடவையாவது எங்கேயாவது இருக்கட்டும்.

2019 ஆகஸ்ட் 22, வியாழன். நான் புரொடக்ஷன் சூப்பர்வைசர். மூன்றாம் நம்பர் மெஷினின் கதவுச் சுவிட்ச் காலையிலிருந்தே மக்கர். கதவு மூடியிருக்கும்போதே திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மெஷின் நின்றுபோகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. சாயங்காலம் லோடு போயாக வேண்டும். பேனலைத் திறந்து சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டேன். இனி கதவு திறந்தாலும் மூடினாலும் மெஷினுக்கு ஒன்றுதான், ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் புதுச் சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். மூன்று மணிக்கு ஷிப்டு மாறியது. நாகராஜ் வந்தான். அவனிடம் சொல்லவில்லை. மறந்தேன். மறந்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அவனுக்கு அந்த மெஷினைப் பழக்கியது நான். "கதவைத் திறந்தா நிக்கும், பயப்படாதே" என்று முதல் நாளே சொன்னதும் நான். அவன் திறந்தான். கூலன்ட் புகையில் ஒன்றும் தெரியாது. இரும்புச் சீவல் கசடைத் தள்ளக் கையை விட்டான். கிளவுஸ் மாட்டிக்கொண்டது. வலது கையில் மூன்று விரல்.

அவன் கத்தவே இல்லை. "சார்" என்று மட்டும் கூப்பிட்டான், ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் பேனலைத் திறந்தேன். முறுக்கைப் பிரித்தேன். ஒயரைப் பழையபடி சுவிட்சில் மாட்டி ஸ்க்ரூவை இறுக்கினேன். கை நடுங்கக்கூட இல்லையே, அதுதான்.

விசாரணைக்கு வந்தவர்கள் கதவைத் திறந்து திறந்து பார்த்தார்கள். அப்போது பார்த்து அந்தப் பாழாய்ப்போன சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது. தொழிலாளி தானே சுவிட்சை ஏமாற்றிவிட்டுக் கையை விட்டிருக்க வேண்டும் என்று ரிப்போர்ட் எழுதினார்கள். கீழே என் கையெழுத்து. அவனை வேலையைவிட்டு எடுத்தார்கள்.

3 செப்டம்பர்

மரத்தூள் வீடெல்லாம் பறக்கும் என்று தாரணி பயந்ததால் மெஷினைச் சுற்றிப் பிளைவுட்டில் பெட்டி அடித்தேன். முன்பக்கம் அக்ரிலிக் கதவு. பார்க்க வந்த ஆசிஃப், "சூப்பர் சார். கதவுக்கும் ஒரு சுவிட்ச் போட்டுடுங்க. வீட்ல ஆளுங்க இருப்பாங்க. தொறந்தா நிக்கணும்ல?" என்றார்.

போடாமலிருக்க என்ன காரணம் சொல்ல முடியும்? போட்டேன். தாரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திறந்தாள், நின்றது. "சமத்து" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள்.

9 செப்டம்பர்

முதல் ஆர்டர். நங்கநல்லூரில் வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், தேக்கில் வீட்டுப் பெயர். ஆறு தடவை ஓட்டினேன், ஆறு தடவையும் நடுவில் நின்றது. கதவு மூடித்தான் இருக்கிறது. புது மோட்டாரின் மின் இரைச்சல் சுவிட்ச் ஒயரில் ஏறி மெஷினின் கன்ட்ரோல் போர்டைக் குழப்புகிறது. இரைச்சல் ஏறாமல் உலோக உறை போட்ட ஷீல்டு ஒயர் வாங்கினால் சரியாகும். இரண்டு தேக்குத் துண்டு வீண்.

10 செப்டம்பர்

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

காலையில் நல்ல மழை. ரிச்சி ஸ்ட்ரீட் போகவில்லை. பதினொரு மணிக்கு ஆசிஃப் போன் – "சார், இன்னைக்கு கெடைச்சிடுமா?" கிடைத்துவிடும் என்றேன். போனைக் கீழே வைத்தேன். பெட்டிக்குப் பின்னால் போனேன். கதவுச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் எடுத்து ஒன்றாக முறுக்கினேன்.

யோசிக்கவே இல்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

தங்குதடையில்லாமல் ஓடிற்று. எழுத்துகள் அவ்வளவு சுத்தமாக வந்தன. நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை நாள், தாரணிக்கு அரை நாள் பள்ளிக்கூடம் என்பது நினைவில்லை. எப்போது வந்தாள், எப்போது கதவைத் திறந்தாள், தெரியாது. "அழகா வந்திருக்கே" என்று குரல் கேட்டுத் திரும்பினேன். தூளைத் துடைக்க விரலை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாள். பிட் சுற்றிக்கொண்டே அடுத்த எழுத்துக்கு நகர்ந்து வந்தது. அவள் விரலுக்கும் அதற்கும் நடுவில் ஓர் எழுத்தின் அகலம்.

சிவப்பு பட்டனை எப்படி அடித்தேன் என்று தெரியவில்லை. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒண்ணும் ஆகலை. ஒண்ணும் ஆகலைடா.

வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். "நீங்கதானே சொன்னேள், திறந்தா நிக்கும்னு."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். 23ஆம் தேதி இங்கே எழுதியதைவிட மோசமாக, முன்னும் பின்னுமாக. அவள் என்னைத் தொடவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த மனுஷனுக்குத் தெரியுமா?"

"எது?"

"அவர் மேல தப்பு இல்லேன்னு."

11 செப்டம்பர்

காலையில் காபியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நாளைக்குப் போறேளா, ஞாயித்துக்கிழமையா?" என்றாள். போவீர்களா என்று கேட்கவில்லை.

பலகை முடியாது என்று ஆசிஃபிடம் சொல்லிவிட்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

போனேன்.

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, இரண்டாவது மாடி. நாகராஜின் மனைவி முத்துலட்சுமி மீன் கடையை முடித்து வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாகராஜ் இப்போது ஓர் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"சார்! இன்னா சார் இவ்ளோ தூரம்? உக்காரு சார்." இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

உட்காராமலே சொன்னேன். சுவிட்சை முறுக்கிவிட்டது நான். உன்னிடம் சொல்லாதது நான். பிறகு பிரித்து மாட்டியதும் நான்.

கீழே குழாயடியில் குடம் வைக்கிற சத்தம்.

"இன்னொருக்கா சொல்லு சார்."

சொன்னேன்.

"ஏ முத்துலட்சுமி, இங்க வா. சார், இவகிட்ட சொல்லு."

மூன்றாம் முறையும் சொன்னேன். அவர் ஈரக் கையைத் துடைக்காமலே நின்று கேட்டார்.

நாகராஜ் என்னைப் பார்த்துப் பேசவில்லை, சுவரைப் பார்த்துப் பேசினான். "கதவ தொறந்தேன், நிக்கும்னு கைய வுட்டேன்னு ஆஸ்பத்திரிலயே சொன்னேன். எல்லாரும் இன்னா சொன்னாங்க? சுவிட்ச் நல்லாத்தான் கீது, நீதான் எதுனா பண்ணிருப்பேன்னாங்க. நானும் கண்ண மூடிக்கினு யோசிச்சுப் பாத்தேன். துணி கிணி சொருவினேனா? மறந்துட்டேனா? போகப் போக நானே சொல்ல ஆரம்பிச்சிட்டேன் – ஆமா, நாந்தான் எதோ பண்ட்டேன்னு. என் தலைதான் சரியில்லன்னு நெனச்சிக்கினு கீறேன் சார். வூட்டுக் கதவப் பூட்டிட்டு நாலு வாட்டி திரும்பி வந்து பாக்குறேன்."

முத்துலட்சுமி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "நானும் உன்னத்தானேய்யா திட்டினேன். கவனமில்லாத மனுசன்னு, அத்தினி பேரு எதிர்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வெளிய போ."

படியில் பாதி இறங்கியிருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம். நாகராஜ்.

"நஷ்டஈடு கேட்டு கம்பெனி மேல போட்ட கேஸு இன்னும் நடந்துகினுதான் கீது. கோர்ட்ல சொல்லுவியா?"

"சொல்றேன்."

"இப்பவே எய்திக் குடு."

கையோடு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தார். படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். கையெழுத்துப் போட்டதும் தாளைக் கிழித்து, இடது கையால் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சொல்லிக்கொள்ளாமல் மேலே போனார்.

15 செப்டம்பர்

தூங்கினேன். நல்லது என்று தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

26 செப்டம்பர்

நாகராஜின் வக்கீல் கமர் ஜஹானைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பொய் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது உங்க மேலயும் திரும்பும். வீட்ல சொல்லிட்டீங்களா?" என்றார். வீட்டில்தான் முதலில் சொன்னேன் என்றேன். தாள் தாளாகக் கையெழுத்து வாங்கினார்.

8 அக்டோபர்

பழைய மேனேஜர் கருணாகரன் போன் செய்தார், நான் கம்பெனியை விட்ட பிறகு முதல் தடவையாக. "பழசையெல்லாம் ஏன்யா கிளர்றே? உனக்கு என்ன கிடைக்கப் போறது?" அவர் பேசி முடிக்கட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

19 அக்டோபர்

ஷீல்டு ஒயர் போட்டாயிற்று. கதவு மூடியிருக்கும்போது நிற்பதில்லை. திறந்தால் நிற்கிறது. ஓட்டும் முன்பு தாரணியே வந்து ஒருமுறை திறந்து பார்க்கிறாள். என் வார்த்தையை எடுத்துக்கொள்வதில்லை. நம்பு என்று நானும் கேட்பதில்லை.

ஆசிஃபுக்கு மூன்று பலகை கொடுத்தேன். மோட்டார் வேகம் ஏறும்போது அந்தக் குரல் இன்னும் கேட்கிறது. இப்போது பிளக்கைப் பிடுங்குவதில்லை. கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.

9 டிசம்பர், செவ்வாய்

"விஜயராகவன்" என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் நாற்பது நிமிஷம். கம்பெனி வக்கீல், "ஒயரை நீங்கதான் முறுக்கினீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். ஆதாரம் எதுவும் இல்லை, அதை நான்தான் அப்புறப்படுத்தினேன் என்றேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தார்கள்.

பிறகு நாகராஜிடம் நீதிபதி ஒரு கேள்வி கேட்டார். இப்போது இவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதானா? அவர் எழுந்து நின்றார். "நான் மொதல் நாள்ல சொன்னதுதாங்க ஐயா" என்றார். முத்துலட்சுமி பின் பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மீதிக் குறுக்கு விசாரணை ஜனவரி 21. வாசலில் மூவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம். வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்றேன். "பஸ் கீது" என்றார் முத்துலட்சுமி. இருவரும் போய்விட்டார்கள்.

20 ஜனவரி 2026

மத்தியானம் நாகராஜ் போன் செய்தார். அவராகச் செய்வது இதுதான் முதல் தடவை.

"விஜயராகவன், நாளைக்கு பத்தேகாலுக்கெல்லாம் வந்துடு. லேட்டாச்சுன்னா வேற தேதிக்குத் தள்ளிடுவாங்க."

வந்துவிடுகிறேன் என்றேன்.

"சாப்ட்டுட்டு வா. போன வாட்டி கூண்டுல உனக்குக் காலு ஆடுச்சு, பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார். வைத்துவிட்டார்.