சாக்குத் திரைக்குப் பின்னால் போனவளுக்கு

இன்று காலை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது விரல் மையின் வாடை மூக்கில் ஏறியது. மருந்துக்கடையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. குடிக்கப் பிடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். நீ கண்ணை மூடி முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த வாடையை வைத்து உன்னை நினைக்க நான் ஒருத்திதான் மிச்சம் என்று தோன்றியதும் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதே, உன் மேல்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்த பஞ்சாயத்துத் தேர்தல் அது. நான் விழுப்புரத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஆசிரியை. கண்டாச்சிபுரத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டிய உங்கள் ஊரில் எனக்குத் தேர்தல் வேலை போட்டார்கள். வருகிறவர்கள் விரலில் மை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அரசாங்கத்தில் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

முந்தின நாள் மாலையே உங்கள் ஊர் நாட்டாமை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். போன தேர்தலில் ஊர் இரண்டாகி, வைக்கோல் போர்கள் எரிந்து, இரண்டு பக்கமும் எழவு விழுந்ததாம். அதனால் இந்தத் தடவை அம்மன் முன்னால் பூக்கட்டிப் போட்டு, குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்லி, தலைவர் யார் என்று தீர்த்துவிட்டார்கள். பூ வராதவரும் சரி என்று விழுந்து கும்பிட்டுவிட்டார். ஆனால் அமாவாசையில்தான் பூக்கட்ட வேண்டும் என்று காத்திருந்ததில், மனுவைத் திரும்ப வாங்கும் நாள் தாண்டிப்போனது. இனி சட்டப்படி தேர்தல் நடந்தே தீர வேண்டும்.

“நடத்திக்கிங்க. அம்மன் சொன்ன ஆளுக்கே எல்லாரும் போட்டுட்டுப் போறோம்,” என்றார். மூலையில் நாங்கள் கட்டியிருந்த சாக்குத் திரையைக் காட்டி, “ஆனா அதுக்குப் பின்னால யாரும் போக மாட்டாங்க. நல்லது செய்யறவன் எதுக்குங்க மறைஞ்சிக்கினு செய்யணும்? மறைஞ்சு செஞ்சா அதுக்குப் பேரு ஏவல், சூனியமுங்க,” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழி சொல்கிற குரல். எழவு விழாமல் ஒரு தேர்தல் நடந்தால் நல்லதுதானே என்று எனக்கும் பட்டது.

மறுநாள் ஊர் முழுக்க வந்தது. எல்லோரும் தலை குளித்திருந்தார்கள். ஈர முடி, நெற்றி நிறைய விபூதி. ஒருவர்கூடப் பேசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை, கை மட்டும் நீளும். மை வைக்க நான் பிடித்த விரலெல்லாம் கிணற்றுத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது. எல்லோர் பார்வைக்கும் மேஜை மேலேயே முத்திரை குத்தி, வாசலில் நின்ற நாட்டாமைக்குச் சீட்டைத் தூக்கிக் காட்டி, பிறகு பெட்டியில் போட்டார்கள். எங்கள் தலைமை அலுவலர், “திரைக்குப் பின்னால போங்கம்மா,” என்று சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எங்களைக் கூட்டிப்போக ஜீப் சாயங்காலம்தான் வரும். அவர் பெயர்ப் பட்டியலில் குனிந்துகொண்டார்.

மாமியாருக்குப் பின்னால் நீ வந்தாய். மை வைத்துக்கொண்டிருக்கும்போதே தலையைக் குனிந்து, “அதுக்குள்ள போனா யாருக்கும் தெரியாதுங்களா?” என்றாய். அன்று முழுவதும் ஊர்க்காரர் குரலாக நான் கேட்டது அது ஒன்றுதான். “தெரியாது,” என்றேன். நீ திரைக்குப் பின்னால் போய்விட்டாய்.

சாக்குக்குக் கீழே உன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வரிசை மொத்தமும் அவற்றையே பார்த்தது. நீ வெளியே வந்தபோது யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உனக்கு அடுத்து நின்றவர், நீ நின்றிருந்த இடத்தில் ஒருவருமே இல்லாததுபோல நேராக நடந்து வந்தார். மோதாமல் இருக்க நீதான் ஒதுங்கினாய். வாசலில் உன் புருஷன் நின்றிருந்தார். “போலாமா?” என்று அவரிடம் நீ கேட்டது எனக்குக் கேட்டது. அவர் பார்வை உன்னைத் தாண்டி எங்கோ இருந்தது.

சில மாதம் கழித்து எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குச் சமையல் வேலைக்கு வந்து நின்றாய். நான்தான் உன்னை அடையாளம் கண்டேன். அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். மாமியார் உன்னைக் கணக்கில் சேர்க்காமல் கேப்பைக் களி கிண்டியதை. நீ பாயில் படுத்திருக்க, உன் மேலேயே கூடையை வைக்க வந்ததை. “வாசல்ல பானை ஒடச்சாங்க டீச்சர், எழவு வீட்ல ஒடைக்கிற மாதிரி. நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருக்கேன். கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ணாடி எடுத்து மூஞ்சியப் பாத்துக்கினேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்ணியபோது உங்கள் ஊர்ப் பெட்டியில் ஒரு ஓட்டுக்கூட மாறி விழவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். அப்படியானால் நீயும் அம்மன் சொன்னவருக்கே போட்டிருக்கிறாய். கேட்டேன்.

“ஆமாங்க. நல்ல மனுசன். ஆனா அத நான் போடணும் இல்லீங்களா?”

“அது தெரிஞ்சப்புறமுமா உன்னைச் சேத்துக்கல?”

“யாருக்குப் போட்டேன்னு அவங்க கேக்கவே இல்லியே. எதுக்கு மறைஞ்சேன்றதுதான் பேஜாரு.”

அதற்கப்புறம் எத்தனை வருஷம் சேர்ந்திருந்தோம். சாம்பாரில் உப்பு குறைந்தால் நான் திட்டுவேன், என் புடவைக் கட்டை நீ கேலி செய்வாய். ஊருக்குப் போய் ஒரு மன்னிப்புக் கேள், விட்டுவிடுவார்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். “என்ன தப்புன்னு கேப்பேன்?” என்பாய். பிடிவாதக்காரி. ஆனாலும் கண்டாச்சிபுரம் பஸ் வந்தால் கண்டக்டரிடம் ஓடிப்போய், “எங்க பக்கம் மழைங்களா?” என்று கேட்காமல் இருந்ததில்லை.

நீ போன பிறகு தகவல் சொல்ல நானே உங்கள் ஊருக்குப் போனேன். மோர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். உன் பெயரைச் சொன்னேன். உன் கொழுந்தனார் பதறாமல், “அவங்க அன்னைக்கே தவறிட்டாங்களேம்மா,” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எலக்‌ஷன் முடிந்த பிறகு பிறந்தவர்கள்கூட.

பஸ்ஸுக்காக மரத்தடியில் நின்றபோது உன் புருஷன் வந்தார். கிழவராகிவிட்டார். பின்னால் யாரும் வரவில்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார். “எங்களப் பத்தி எதாச்சும் கேட்டாளா?”

“உங்க பக்கம் மழையான்னு கேப்பா. சாகற வரைக்கும்.”

அவர் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சைக்கிளில் வந்த ஊர்க்காரர் ஒருவர் அவரருகே நின்று, “யாரு கூட பேசிக்கினு இருந்தீங்க?” என்று கேட்டார்.

அவர் நிமிர்ந்தார். என் ஜன்னலைப் பார்த்தார். பார்வை என்னைத் தாண்டி எங்கோ போனது.

“யாரும் இல்லியே,” என்றார்.

அந்த வார்த்தை இன்னும் என் உடம்பைவிட்டுப் போகவில்லை. பஸ் கிளம்பி வெகுதூரம் வந்த பிறகும் ஒரு கையால் இன்னொரு கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குள் நீ எத்தனை நாள் குடியிருந்தாய், பெண்ணே.