அப்பா செய்த பறவைக்கால்

ஃபூர் தீவு,
ஜூன், ஞாயிறு காலை.

என் செல்ல மகள் சிக்னேவுக்கு,

அம்மா இங்கே சுகம், முழங்கால் மட்டும் படகுத்துறை ஏற்றத்தில் கொஞ்சம் முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்பதுதான் என் கவலை. இங்கே புது உருளைக்கிழங்கு வந்துவிட்டது, தோட்டத்தில் ருபார்ப் தண்டு மண்டிக் கிடக்கிறது, ஜாம் காய்ச்சிக் காய்ச்சிக் கை சலித்துவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பறவையைப் பற்றித்தான், அப்பா பாறையில் கண்டெடுத்து மியூசியத்துக்குக் கொடுத்த, கல்லாகிப்போன அந்தப் பறவை. அப்பா போன பிறகு வாக்ன் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார், உன்னிடம் நான் சொல்லவில்லை. அப்பாவோடு அத்தனை வருஷம் சுத்தியலும் கையுமாகக் கடற்கரைப் பாறைச் சரிவில் அலைந்த அதே வாக்ன்தான். படகுக்குக் காத்திருந்த வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி, "ஆக்செல் கெட்டிக்காரன்மா குத்ரூன், ரெண்டு பறவைய ஒட்டி ஒண்ணாக்கி மியூசியத்துக்கே குடுத்துட்டான்ல" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பறவை கிடைத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அன்று என்ன காற்று, உன் குல்லாய் பறந்து கடலுக்கே போய்விட்டது. அப்பா அந்தச் சுண்ணாம்புக் கட்டியை உடைத்ததும் உடம்பு ஒரு பாதியில் இருந்தது, தலையைக் காணோம். நீதான் தண்ணீர் ஓரமெல்லாம் துழாவி ஒரு சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய், "இதுல கண்ணு இருக்குப்பா!" என்று கத்தினாய். ஆறு வயசுப் பிள்ளை பொறுக்கி வந்த தலை இந்த உடம்புக்கு உரியதுதானா என்று வாக்ன் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அப்பா தலையை ஒட்டிய கழுத்தில் துளி சுரண்டிச் சோதிக்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். மியூசியத்து ஹென்ரியெட், "ஒரு மயிரிழைகூடச் சுரண்ட விடமாட்டேன்" என்று நின்றுவிட்டாள், நல்ல பெண். போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வேனில் ஒரு கருவி கொண்டுவந்தார்கள். அது கல்லைத் தொடுவதே இல்லை, மெல்லிய எக்ஸ்ரே கதிர் ஒன்று புல்வெட்டுகிற மாதிரி மேலே வரிசை வரிசையாகப் போய்வருகிறது. செம்பு, பாஸ்பரஸ் என்று உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஓர் ஒளியைத் திருப்பி அனுப்புமாம், அதை வைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் வரைந்துவிடுகிறார்கள். நான் நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வாக்னும் வந்தார், ஓரமாக நின்றார், நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இறகின் நிறத்தில் செம்பு தங்கியிருக்குமாம், அதன் படம் முதலில் வந்தது. சிக்னே, நம் பறவை இறகோடு எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது! கண்ணுக்குக் கறையாகத் தெரிந்ததெல்லாம் திரையில் ஒவ்வொரு இறகாகப் பிரிந்தது. கழுத்து இறகுகள் பசை போட்ட கோட்டைத் தாண்டி அறுபடாமல் தலைவரைக்கும் ஓடின. "ஒரே பறவைதாங்க, சந்தேகமே இல்ல" என்றாள் ஹென்ரியெட். நீ கொண்டுவந்தது சரியான தலைதான் கண்ணு.

நான் மூச்சு விடுவதற்குள் எலும்பைக் காட்டும் பாஸ்பரஸ் படம் வந்தது. எலும்பெல்லாம் விளக்குப் போட்ட மாதிரி ஒளிர்ந்தது, இடது பாதம் மட்டும் இருட்டு. அங்கே எலும்பே இல்லையாம். வெறும் ஜிப்சம் மாவு, மேலே டைட்டானியம் கலந்த பெயிண்ட். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பழுப்பு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் உறைத்தது, நம் வீட்டு ஜன்னல் சட்டத்துக்கு அடித்த பெயிண்ட் அது. உனக்கு அம்மை போட்டிருந்த வாரம், "ஒத்தக் காலோட அது எப்படிம்மா நிக்கும்?" என்று நீ கஞ்சிகூடக் குடிக்காமல் அழுதாய். சமையலறை மேசையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அப்பா எதையோ செதுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் "பாரு, இன்னொரு காலும் கெடச்சிருச்சு" என்று உன்னிடம் கொண்டுவந்து காட்டினார், நானும் நம்பினேன். மியூசியத்துக்குக் கொடுக்கும்போது சொல்ல மறந்தாரா, சொல்ல மனசு வரவில்லையா, இனி யாரைக் கேட்பது? இந்தக் கதையை அங்கேயே எல்லாரிடமும் சொன்னேன், சொல்லும்போதே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வாக்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அவன் இருக்கறப்பவே கேட்டிருக்கணும், குத்ரூன். கேக்காம ஊரெல்லாம் பேசிட்டேன்" என்றார். காபிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டேன், வேறென்ன செய்ய, இந்தத் தீவில் மிச்சமிருப்பதே நாங்கள் நாலு பேர்.

கால் அப்படியே இருக்கட்டுமா என்று ஹென்ரியெட் என்னைக் கேட்டாள். எடுத்துவிடுங்கள், அது பறவையுடையது இல்லை, என் மகளுடையது என்றேன். பசையை இளக்கி நோகாமல் எடுத்துத் தந்தார்கள். பஞ்சில் சுற்றித் தனிப் பெட்டியில் இதோடு அனுப்புகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், குட்டிக்கு என் முத்தம். கம்பளிச் சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே. முக்கியமாக, சுங்கத்தில் பெட்டியைப் பிரித்துக் கேட்டால் புதைபடிவம் என்று உளறிவைக்காதே, பிடித்து வைத்துக்கொள்வார்கள். என் அப்பா எனக்குச் செய்து கொடுத்தது என்று சொல்.

உன் அம்மா,
குத்ரூன்