நுரை அடைத்த வீட்டிலிருந்து

என்ரை அம்மா,

இன்றைக்கு நான் படிப்பிக்கிற முன்பள்ளி இல்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை. அப்பா வயல் வரம்பு பார்த்துவரப் போய்விட்டார். வீட்டில் நானும் உங்கள் படமும்தான். உங்களிடம் கேட்க வேண்டியவை கூடிப்போய்விட்டன அம்மா, எதில் தொடங்குவதென்று பிடிபடவில்லை.

முதலில் நல்ல செய்தி. தம்பி சுதன் வந்து போனான். அகதி வழக்கு முடிந்து, கனடாவில் அவனுக்கு வதிவிடப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் போய் ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசத்துக்கு வந்து சேர்ந்தான். முன்தலை வழுக்கை விழுந்து, கொஞ்சம் வயிறும் வைத்து, படலையடியில் நின்று "அக்கா" என்றான். எனக்கு ஆளைத் தெரியவில்லை. நாள்தோறும் போனில் பார்க்கிற முகம்தான். ஏன் அப்படி ஆனதென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

திவசத்தில் எல்லாம் முறையாகச் செய்தான். ஐயர் சொன்னபடி இருந்தான், எழும்பினான், படைத்தான், விழுந்து கும்பிட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உங்கள் உடலைக்கூடப் பார்க்கக் கிடைக்காத பிள்ளை. வந்திருந்த சனம் என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அடுத்த நாள் காலையில் எழும்பினதும் ஏணி கேட்டான்.

நம்முடைய வீடு உங்களுக்குத் தெரியாததா? வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல் வீடு, மேலே தகரம். சுவர் முடிகிற இடத்துக்கும் தகரத்துக்கும் நடுவே கை போகிற இடைவெளி வீட்டைச் சுற்றிலும். பங்குனி வெயிலில் மத்தியானம் உள்ளே இருக்க முடியாமல் நீங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வேம்படிக்குப் போவீர்களே. சுதன் ஏணியில் நின்று அந்த இடைவெளியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான்.

"அக்கா, இது வீடே, மீன் வலையே? பாம்பு வந்தாலும் ஏனெண்டு கேக்க ஆளில்லை."

அப்போதுதான் அவன் அங்கே என்ன வேலை செய்கிறானென்று எனக்குச் சரியாகத் தெரியவந்தது. நாம் ஊருக்கெல்லாம் 'கட்டட வேலை' என்று சொல்லித் திரிந்தோம். போனில் படம் காட்டினான். வெள்ளை உடுப்பு, முகமூடி, கையில் குழாய். குழாயிலிருந்து தண்ணீர் மாதிரி ஏதோ சுவரில் பட்டு, கண்ணுக்கு முன்னாலேயே அப்பத்துக்குப் புளித்த மா போலப் பொங்கி எழும்புகிறது. கொஞ்சத்தில் இறுகிவிடுகிறது. குளிர் உள்ளே வராமல் அப்படித்தான் அங்கே வீட்டை அடைப்பார்களாம்.

"எத்தினையோ சனத்தின்ரை வீட்டுக்கு அடிச்சிட்டன் அக்கா. எங்கட வீட்டுக்கு ஒண்டும் செய்யேல்லை."

"அங்க குளிருக்கு அடைக்கிறியள். இஞ்ச குளிர் எங்கையடா இருக்கு?"

"வெக்கைக்கும் அதுதான் அக்கா. உள்ள வாறதை மறிக்கிறது. அவ்வளவுதான்."

அப்பா கதிரையில் இருந்தபடி "வேண்டாம்" என்றார். காரணம் கேட்டால் சொல்லுகிற ஆளா அவர்? நான் பிறகு தனியே போய்க் கேட்டேன். "கேக்காது பிள்ளை" என்றார். பிள்ளைகளை 'அது, இது' என்று சொல்லுவது அவருடைய வழக்கம்தானே. தம்பியைத்தான் சொல்லுகிறார், சொன்னால் அது கேட்காது என்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சுதன் வவுனியாவுக்குப் போய் ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளைத் தட்டுகளும், நுரை டின்களும் ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். தகரத்துக்குக் கீழே தட்டுகளை வரிசையாகப் பொருத்தினான். பொருத்துகளிலும் சுவர் விளிம்பிலும் முதலில் தண்ணீர் தெளித்தான், பிறகு டின்னைக் குலுக்கி நுரையை இழுத்துக்கொண்டு போனான். விரல் மொத்தத்துக்குத்தான் போட்டான். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கை மொத்தத்துக்கு வீங்கி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வளவுப் பாக்கியம் மாமி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, கூரைக்கு இடியப்பம் பிழிஞ்சு வச்சிருக்கிறியள்?" என்று கேட்டா. நான் தொட்டுப் பார்க்கப்போய் விரலில் ஒட்டிக்கொண்டது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், எதற்கும் போகவில்லை. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். வந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

காய்ந்த பிறகு வெளியே தள்ளினதையெல்லாம் கத்தியால் சீவி, மேலே பெயின்ற் அடித்தான். யன்னல் நிலையைச் சுற்றியும் விடவில்லை.

பொய் சொல்லக்கூடாது அம்மா, வீடு குளிர்ந்தது. மத்தியானத்தில் உள்ளே இருந்து சோறு தின்றோம். மழை பெய்தபோது தகரத்தில் விழுகிற சத்தம் எங்கேயோ அடுத்த ஊரில் பெய்வது மாதிரிக் கேட்டது. அதைவிடப் பெரிய காரியம், அப்பா நித்திரை கொண்டார். நீங்கள் போன நாள் தொடக்கம் அவர் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. ஒரு மட்டை விழுந்தாலும் எழும்பி இருப்பார். இப்போது விடிந்து வெயில் வந்த பிறகும் குறட்டை விட்டார். நானும் தம்பியும் அறை வாசலில் நின்று, ஏதோ புதினம் பார்ப்பது மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு ஒரு நாள் விடிய நான் தேத்தண்ணி வைக்கப் பின்னால் போனால், வீட்டை விட்டுத் தள்ளி நிற்கிற குசினியின் ஒரு பக்கச் சுவர் இல்லை.

கல்லெல்லாம் உள்ளே விழுந்து கிடக்கிறது. அங்கே அடுக்கியிருந்த நெல்மூட்டைகள் கிழிந்து, நெல் முற்றமெல்லாம் இறைபட்டுக் கிடக்கிறது. வாழைகள் சரிந்து கிடக்கின்றன. அப்பா படுக்கிற அறை யன்னலுக்குக் கீழே, ஈர மண்ணில், சுளகு அகலத்தில் காலடி. நான் கத்தினதில்தான் இரண்டு பேரும் எழும்பி வந்தார்கள். பாக்கியம் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நாங்கள் எவ்வளவு வெடி கொளுத்தினம், தகரம் தட்டினம், கூக்குரல் வச்சம். உங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லையே?" என்றா.

கேட்கவில்லை அம்மா. யானை வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். 'கேக்காது' என்று அவர் சொன்னது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடைவெளியால்தானே அவர் இவ்வளவு காலமும் வாழை முறிகிற சத்தத்தைப் பிடித்தார். கேட்டதும் ரோச் லைற்றையும் யானை வெடியையும் எடுத்துக்கொண்டு இறங்குவார். நீங்கள் பின்னால் போய்ச் சாரத்தைப் பிடித்து இழுப்பீர்கள். போன வருடத்தில் இழுக்க ஆளில்லாமல், நான் மறிக்க மறிக்க, தனியே இரண்டு மூன்று தரம் போய் வந்தார். அதையெல்லாம் நான் தம்பிக்குச் சொல்லவில்லை. அவன் அங்கேயிருந்து என்ன செய்வான் என்று விட்டுவிட்டேன்.

விழுந்து கிடந்த கல்லொன்றில் சுதன் போய் இருந்தான். கொஞ்ச நேரம் அந்தக் காலடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அழத் தொடங்கினான். திவசத்தில் வராத அழுகை எல்லாம் அந்த நெல்லுக்கு நடுவில் வந்தது.

"அம்மா போனதும் எனக்கு உப்பிடித்தானே அக்கா. எல்லாம் முடிஞ்சு விடிஞ்சாப் பிறகுதானே எனக்குத் தெரியும். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அம்மாதான் சொல்ல வேண்டாம் எண்டவா."

"எத்தினை மாசமா வருத்தம்?"

"ஏழெட்டு மாசம்."

"நான் ஒவ்வொரு நாளும் அவாவோட கதைச்சனான். சுகமெண்டுதானே சொன்னவா. சிரிச்சுச் சிரிச்சுத்தானே சொன்னவா."

நான் என்ன சொல்ல அம்மா? வவுனியா ஆஸ்பத்திரியில், கட்டில் தெரியாமல் போனை முகத்துக்குக் கிட்டப் பிடி என்று நீங்கள் சொன்னதைச் சொல்லவா? வழக்கு முடியாமல் அவன் வந்தால் திரும்பிப் போகமுடியாது, எல்லாம் பாழாய்ப் போகும் என்று நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னீர்களே. அதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். விளங்கித்தான் ஆட்டினானா, இல்லை, கதையை நிறுத்தச் சொல்லி ஆட்டினானா, தெரியாது.

அவனுக்குப் பத்திரம் கிடைத்தது, அவன் வராததால்தான். அதனால் நீங்கள் சொன்னது சரியா? சரியென்றால் ஏன் அவன் அப்படி அழுதான்?

அழுது முடித்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். போட்ட நுரை முழுவதையும் அறுத்து எறியப் போகிறானாம். இப்போது மறித்தது யார் தெரியுமா? வேண்டாமென்று சொன்ன அதே அப்பாதான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடுடா. கேட்டிருந்தா நான் வெளியில இறங்கிப் போயிருப்பன்."

"போயிருந்தா?"

"போயிருந்தா என்ன, கொம்மாவிட்டைப் போய்ச் சேர்ந்திருப்பன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. பிள்ளையின் மனம் ஆறட்டும் என்று சொன்னாரா? உண்மையிலேயே நுரைதான் தன்னைக் காப்பாற்றினது என்று நம்புகிறாரா? இல்லை, உங்களிடம் வர வேண்டியதை இவன் மறித்துவிட்டான் என்ற மனக்குறையா? மூன்றும் அவருடைய முகத்தில் இருந்தமாதிரித்தான் எனக்குப் பட்டது. உங்களுக்கென்றால் பார்த்தவுடன் தெரிந்திருக்கும்.

கடைசியில், காட்டுப் பக்கம் பார்த்த சுவரில் மட்டும் அறுத்தான். மற்றப் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. பயணத்தைத் தள்ளிப் போட்டு, அப்பாவும் அவனுமாகக் குசினிச் சுவரை எழுப்பினார்கள். "நூல் பிடிச்சு வைடா", "கலவை காணாதப்பா" என்று நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். மிஞ்சின நெல்லை ஆலையில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். யானைக்கு இங்கே இனி வேலை இல்லை என்று அப்பா சொல்லுகிறார். யானைக்கு அது தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

அப்பாவின் கட்டிலை அறுத்த பக்கம் போடுவதா, அடைத்த பக்கம் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சில நாள் இங்கே இழுத்துப் போடுகிறார், சில நாள் அங்கே. என்ன கணக்கில் என்று கேட்டால், "சும்மா" என்கிறார்.

போன கிழமை அவருக்குக் காய்ச்சல். எழும்ப மாட்டாமல் கிடந்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் எடுத்தான். "அப்பா எப்பிடி அக்கா?" என்றான். அப்பா கட்டிலில் கிடந்தபடி கையை ஆட்டினார், சொல்லாதே என்று. அச்சொட்டாக நீங்கள் ஆட்டின மாதிரி. நான் போனைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே அவன் "அக்கா? அக்கா, கேக்குதே?" என்கிறான்.

"கேக்குது தம்பி. அப்பாவுக்குக் காய்ச்சல். முந்தநாள் துடங்கினது" என்றேன்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தம்பி முதலில் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டான். பிறகு, என்ன மருந்து, எந்த டொக்டர், இரத்தம் சோதித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கடைசியில், "போனை அப்பாவின்ரை காதில வை" என்றான். வைத்தேன். என்ன கதைத்தானென்று எனக்குத் தெரியாது. அப்பா கன நேரம் "ஓம், ஓம்" என்றுகொண்டு இருந்தார். முடிவில், "நீ எப்பயடா திரும்பி வருவாய்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் தம்பியிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை.

காய்ச்சல் மாறிவிட்டது, யோசிக்க வேண்டாம். ஆனால் அம்மா, நீங்கள் செய்தது சரியா பிழையா என்று நான் இனி உங்களிடம் கேட்டு அலைக்கழிக்க மாட்டேன். எனக்கு அது விளங்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லுகிறேன். அப்பாவுக்கு என்ன நடந்தாலும், சின்னத் தலையிடி என்றாலும், தம்பிக்கு அன்றைக்கே சொல்லுவேன். அவன் அங்கேயிருந்து ஒன்றும் செய்யமுடியாவிட்டாலும் சொல்லுவேன். வருவதும் வராததும் அவன் பாடு. கோபிப்பதென்றால் கோபியுங்கள்.

இந்த ஒன்றில் மட்டும் உங்கள் சொல் கேளாத,
உங்கள் மூத்த பிள்ளை
வசந்தி
ஒட்டுசுட்டான்