கயிறு விழுந்த ஏடு

18-11-1951, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டில் மேலும் பத்துப் பக்கங்களுக்குக் கோடு போட்டு வைத்துவிட்டாள் என் மகள் சொக்கம்மாள். ஞாயிறுதோறும் பத்துப் பக்கம். விரற்கடை இடைவெளியில், கறுப்பு மையில், தடித்த கோடுகள். என் கண்ணுக்கு எழுத்துத் தெரிவதில்லை, கோடு தெரிகிறது. அதைப் பற்றிக்கொண்டு பேனா நடக்கிறது. எழுதியதை நான் திரும்பப் படிக்க இயலாது. அவள் படிக்கமாட்டாள். குறிப்பேட்டைத் திறந்தபடி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன்.

கண் ஆஸ்பத்திரியில் இம்முறையும் அதே விடை. புரை முற்றவில்லை, முற்றினால்தான் அறுக்கலாம். காய் எப்போது பழுக்கும் என்று மரத்தடியில் உட்கார்ந்திருப்பவனைப் போல உட்கார்ந்திருக்கிறேன்.

மகளுக்கு இது ஆறாம் பாரம், பள்ளி இறுதி ஆண்டு. விடியுமுன் அடுப்பு, பிறகு குழாயடி, பிறகு இராயபுரத்துக்குப் பஸ். பள்ளி விட்டபின் தனி வகுப்பு. விளக்கேற்றும் வேளைக்கு வீடு திரும்பி, முகங்கழுவி, கோயிலில் நான் செய்யும் பிரசங்கத்துக்கான உரையை உரக்கப் படிக்கிறாள். அது முடிந்த பிறகே அவளுடைய கணக்கும் பௌதிகமும். தாயில்லாத வீட்டில் வேறென்ன செய்வது? பூவம்மா போய் மூன்றாண்டு ஆகிறது.

5-12-1951, புதன்

"நைனா, சயின்ஸ் குரூப்புக்கு எழுதிப் போடட்டா? ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாங்க."

"எழுது" என்றேன்.

"அப்புறம் டாக்டர் படிப்பு. அதுக்கும் இப்பவே சரின்னு சொல்லிடணும்."

"எழுது, அம்மா. விண்ணப்பம் வந்ததும் கொண்டு வா. கையெழுத்திடுகிறேன்."

சிரித்தாள். நெடுநாளைக்குப் பின் கேட்ட ஒலி. சொன்ன சொல் இங்கே எழுதப்பட்டிருக்கிறது.

9-1-1952, புதன்

பள்ளிக் கட்டடத்தில் வாக்குச்சாவடி வைத்திருப்பதால் விடுமுறை. நாள் முழுதும் எனக்கு உரை படித்தாள்.

தலைமையாசிரியை ஞானபாக்கியம் அம்மையார் ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். அதையும் அவளே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அரையாண்டுத் தேர்வில் பௌதிகத்தில் எழுபத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டாளாம். 'தந்தையார் மாலை வேளைகளில் மாணவிக்கு வேறு பணி கொடாதிருக்குமாறு வேண்டுகிறேன்' என்ற வரியில் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். எனக்கா தெரியப்போகிறது? படித்தாள்.

மாசித் திருவிழாவில் என் பிரசங்கம். அதுவரை எப்படி நிறுத்துவது?

27-1-1952, ஞாயிறு

விண்ணப்பத் தாள் வந்துவிட்டது. நகரின் தெற்குக் கோடியிலுள்ள பெண்கள் கல்லூரி. முன்பதிவுக்குக் கடைசி நாள் பிப்ரவரி பதினாறு, சனிக்கிழமை.

பிறப்புச் சான்றுக்கு முனிசிபல் ஆபீசுக்கு மூன்று நடை நடந்திருக்கிறாள். முதல்நாள் குமாஸ்தா வரவில்லை. இரண்டாம் நாள் பேரேடு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தது. அந்த மூன்று நாளும் வீட்டுப்பாடம் முடிக்காததால் வகுப்பில் நிற்க வைத்தார்களாம். "நின்னுகினே ஒரு கட்டுரை யோசிச்சிட்டேன் நைனா" என்கிறாள். மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்று எல்லாம் சேர்த்தாயிற்று. என் கையெழுத்து ஒன்றே பாக்கி.

நல்ல நாள் பார்த்து இடுகிறேன் என்றேன்.

3-2-1952, ஞாயிறு

விடுதியில் தங்கவேண்டுமாம். காலையில் பாடம், மாலை இருட்டும்வரை ஆய்வுக்கூடம். திருவொற்றியூரிலிருந்து நாள்தோறும் போய்வர முடியாது. இதை முன்பே சொன்னாளா? சொன்னதாகச் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

விடுதி என்றால் இந்த வீட்டில் யார்? ஏடு யார் படிப்பது? அறுவை முடியும்வரையாவது—

எதிர்வீட்டுக் கன்னியம்மா தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவள். வாய்க்குப் பூட்டில்லாதவள். குழாயடியில் எனக்குக் கேட்கவேண்டுமென்றே சொன்னாள்: "இன்னா முதலியாரே, அந்தப் பொண்ணு கண்ணு ரெண்டும் உனுக்கே குத்தகையா? அதுக்குன்னு ஒண்ணாவது உட்டு வெய்யி."

விடை சொல்லவில்லை. சொல்லத்தக்கவளல்லள்.

10-2-1952, ஞாயிறு

இறைவனையே கேட்டுவிட்டேன்.

ஏட்டில் கயிறு சாத்துவது எங்கள் குடும்ப வழக்கம். மனத்தில் கேள்வியை நிறுத்திக் கண்மூடி, பதிகச் சுவடியின் ஓலைகளுக்கிடையே நூற்கயிற்றைச் செலுத்தவேண்டும். கயிறு விழுந்த ஏட்டின் முதற்பாட்டே விடை. ஒருமுறைதான் கேட்கலாம், மறுமுறை கேட்பது நிந்தை. பாட்டனார் இரங்கூனுக்குக் கப்பலேறியதும், என் திருமணமும் இவ்வாறே முடிவாயின.

நீராடி, நீறணிந்து, கேட்டேன்: 'இவளை அனுப்பலாமா?' கயிறு சுவடியின் பிற்பகுதியில் விழுந்தது. நான் மனப்பாடம் செய்யாத பகுதி. ஓலையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர் இவ்வூரில் இருவர்: கோயில் ஓதுவார் சுப்புராயர், என் மகள். அவளை அழைத்தேன்.

படித்தாள். இறைவன் தன் அடியவனுக்கு வாயிலைத் திறந்து, 'சென்று வா, உனக்கு முன்னே நான் நடப்பேன்' என்று விடைகொடுக்கும் பாட்டு.

இவ்வளவு நேராக ஒரு விடை வருமா?

எழுத்துக் கூட்டவில்லை. பழைய ஓலை, புழு அரித்த ஓரம், எங்கும் தயங்கவில்லை. பாட்டு ஓலையில் இருந்ததா, அவள் மனத்தில் இருந்ததா? நூற்றுக்கணக்கான பாடல்களை எனக்குப் படித்துப் படித்து மனத்தில் வைத்திருப்பவள். வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் எடுத்து—

எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதிவிட்டேன்.

11-2-1952, திங்கள்

"இன்னா நைனா, நேத்திலேந்து ஒண்ணும் சொல்லல?"

"கயிறு அப்படியே இருக்கட்டும். கட்டை அவிழ்க்காதே. ஓதுவார் வந்து ஒருமுறை பார்க்கட்டும்."

புத்தகத்தை மூடும் ஓசை கேட்டது.

"நான் படிச்சது தப்பா?"

"தப்பென்று சொன்னேனா?"

"சொல்லல. கயித்த எடுக்காதன்னுதான் சொல்றீங்க."

ஓதுவார் தம் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் காஞ்சிபுரம் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்துவிடுவார். கடைசி நாள் சனி. ஒருநாள் மிச்சம் இருக்கிறது. ஐயத்தோடு ஒரு காரியத்தைத் தொடங்குவது தெய்வத்துக்கு அடுக்காது. இதில் என்ன தவறு?

15-2-1952, வெள்ளி

ஓதுவார் வரவில்லை.

16-2-1952, சனி

நண்பகலில் ஞானபாக்கியம் அம்மையார் இராயபுரம் கல்மண்டபத்திலிருந்து தாமே வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஐயா, உங்க வழிபாட்டுல குறுக்கே பேச வரல. இந்த ஸ்கூல்ல இவ மாதிரி ஒருத்தி வந்து பத்து வருஷம் ஆச்சு. கோட்டுக்கு மேல ஒரு கையெழுத்து. நானே எடுத்துட்டுப் போய் சாயங்காலத்துக்குள்ள சேர்த்துடறேன்."

"திங்களன்று இடுகிறேன், அம்மா. ஓதுவார் வந்ததும்."

"திங்கக்கிழமை போட்டா அது கையெழுத்து இல்லீங்க, கிறுக்கல்."

சொக்கம்மாள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். வெளிச்சத்தில் ஒரு நிழல். அவ்வளவே எனக்குத் தெரிந்தது. ஒரு சொல் கெஞ்சியிருந்தால் இட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அவள் சொன்னது வேறு: "விட்டுடுங்க டீச்சர். நைனாவுக்கு சாமி மேல நம்பிக்கை இருக்குது. என் மேலதான் இல்ல."

விண்ணப்பம் மாடத்திலேயே இருக்கிறது.

18-2-1952, திங்கள்

ஓதுவார் வந்தார். சுவடியை அவிழ்த்தார். கயிறு விழுந்த ஏட்டை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டிப் படித்தார்.

அதே பாட்டு. எழுத்துப் பிசகவில்லை.

"இதுக்கா என்னை வரச் சொன்னீங்க?" என்றார். "போன ஆடியில அம்மன் சன்னிதியில பாப்பா பாடிச்சே. கூட்டம் அசந்துபோச்சு. நீங்கதானே பத்து நாள் உட்கார வச்சு மனப்பாடம் பண்ண வச்சீங்க? மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன்.

அவள் எழுத்துக் கூட்டாமல் படித்ததற்குக் காரணம் நான். அதையே குற்றமாக்கியவனும் நான். இந்தக் குறிப்பேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகுமளவு நம்பினேனே, ஓலையில் மட்டும் என்னடா உனக்கு வந்தது? தெய்வத்தைச் சோதிக்கலாகாது என்று ஊருக்குச் சொல்கிற வாய். கயிற்றுக்குக் காத்திருந்தேனா? இல்லை. அது வேறு ஏட்டில் விழுந்திருக்கவேண்டும் என்று காத்திருந்தேன்.

கையெழுத்திட்டேன். நானே தடவித் தடவித் தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்தர் செய்தேன்.

29-2-1952, வெள்ளி

திரும்பி வந்துவிட்டது. 'காலங்கடந்து பெறப்பட்டது.' அவளே படித்தாள். அந்த வரியையும் விடவில்லை.

9-3-1952, ஞாயிறு

பிரசங்கம். இவ்வூர் மகிழ மரத்தடியில் வாக்குக் கொடுத்துவிட்டு, அதை மீறி எல்லை தாண்டியதும் இரு கண்ணும் இழந்த அடியவரின் கதை. ஆண்டுதோறும் சொல்வதுதான். பெண்கள் அழுதார்கள். தர்மகர்த்தா பொன்னாடை போர்த்தினார்.

உரையை நேற்றுவரை அவள்தான் படித்துக் கொடுத்தாள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு நாள் தவறாமல். வேண்டாம் என்று நான் ஏன் சொல்லவில்லை? பிரசங்கம் இருந்தது. அதனால் சொல்லவில்லை.

படியிறங்கும்போது கன்னியம்மாவின் குரல்: "கதை நல்லாத்தான் சொல்ற முதலியாரே. உன் கண்ணு எதுக்குப் போச்சுன்னும் சேத்து சொல்லிக்கினு போறது!"

இம்முறையும் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

26-3-1952, புதன்

தேர்வு தொடங்கிற்று. வீட்டைவிட்டுக் கிளம்புகையில் நாள்தோறும் குனிந்து நெற்றியைக் காட்டுவாள், நீறிடுவேன். இன்று கதவு சாத்தும் ஓசை மட்டும் கேட்டது. நீறு என் விரலிலேயே இருந்தது.

4-6-1952, புதன்

முடிவு வெளிவந்தது. பள்ளியில் முதலாவது. பௌதிகத்தில் எண்பத்தெட்டு.

கல்லூரியில் காத்திருப்போர் வரிசையும் நிறைந்துவிட்டதாம். அம்மையார் இருமுறை நேரில் போய்க் கேட்டிருக்கிறார். "அடுத்த ஆண்டு முதல் ஆளாக அனுப்புவோம்" என்றேன்.

"அடுத்த வருஷம் வரைக்கும் நான் இங்க இருக்கமாட்டேன் நைனா."

சினம் இல்லை அக்குரலில். சினந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

22-6-1952, ஞாயிறு

பத்துப் பக்கக் கோடு வழக்கம்போல் போட்டாள். பிறகு ஒரு தாளைக் கொண்டுவந்து என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஓரிடத்தில் வைத்தாள். "இங்க."

என்ன தாள் என்று கேட்கவில்லை. படித்துக் காட்டச் சொல்லவில்லை. இட்டேன்.

மை உலர்ந்த பிறகு அவளே சொன்னாள்: வேலூரில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி. இரண்டாண்டு. விடுதி. டாக்டர் என்ற சொல் இனி இந்த வீட்டில் எழாது.

6-7-1952, ஞாயிறு

போனாள். கன்னியம்மாதான் ஸ்டேஷன் வரை பெட்டியைத் தூக்கிச் சென்றாள். வாசலில் மகள் என் காலைத் தொட்டாள், நீறிட்டேன். முன்போல நெற்றி வந்து விரலில் படவில்லை. தேடி இடவேண்டியிருந்தது.

9-7-1952, புதன்

ஆஸ்பத்திரி. கன்னியம்மா கைப்பிடித்துப் பஸ் ஏற்றினாள். "கெட்டியா புட்ச்சிக்கோ முதலியாரே, வுயுந்து வெச்சா எனக்குப் பேஜாரு." அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவள். இவளையா சொல்லத்தக்கவளல்லள் என்று எழுதினேன்?

புரை முற்றிவிட்டதாம். ஆவணியில் அறுக்கலாம். கையெழுத்தை நிறுத்தி வைத்து ஐந்து மாதம். ஐந்தே மாதத்துக்காக.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "சரி, கண்ணு வந்தப்பால இன்னா பாக்கப் போற?"

பரிகாசமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

13-7-1952, ஞாயிறு

கோடு போடும் நாள். அவள் போட்டுவிட்டுப் போன பத்துப் பக்கமும் இன்றோடு தீர்ந்திருக்கும் என்று எண்ணி, எதன்மேல் எழுதுவது என்ற கவலையோடு தாளைத் திருப்பினேன். கோடு இருந்தது. அடுத்த தாளிலும் இருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனேன்.

கடைசித் தாள்வரை போட்டு வைத்திருக்கிறாள்.