அம்மாவின் போனும் சிவந்த தெருவும்

மார்ச் 4

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் இன்றிலிருந்து வாரம் ஒரு வகுப்பு. பாடம், 'இனமும் குற்றமும்'. கல்லூரியில் சமூகவியல் எடுக்க இத்தனை பேர் இருக்கும்போது என்னை மட்டும் ஏன் அனுப்பினார்கள் என்று தெரியாதா எனக்கு? வந்தேறிகளைப் பற்றிப் பேச ஒரு வந்தேறி. தாத்தா காலத்தில் வந்த குடும்பம். இன்னும் அதே பேர்தான்.

முதல் கேள்வி முன்பெஞ்சிலிருந்து வந்தது. "மேடம், ஜெயில்ல பாதிப் பேர் உங்க ஆளுங்க. அது ஏன்னு மட்டும் சொல்லுங்க, போதும்." சிரித்த முகம். பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். வறுமை, வேலையின்மை, ஒதுக்கப்படுவதால் வரும் ஆத்திரம் என்று வரிசையாகச் சொன்னேன். நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வருகிறது. 'ஏன்' என்று கேட்டவுடன் ஏன்தான் சொல்வேனா? அந்தப் பாதி எப்படி உள்ளே போனது என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா?

மார்ச் 6

அம்மா இன்றும் போலீசுக்குப் போன் செய்தாள். மாடிப்படியில் யாரோ பாட்டிலை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் போன். சைக்கிள் காணாமல் போனால் போன் (தம்பிதான் அதைக் கடை வாசலில் மறந்துவிட்டு வந்திருந்தான்). கீழ்வீட்டு அக்காவை அவள் புருஷன் அடித்தால் போன். அதில் மட்டும் பலன் உண்டு. ஜீப் சத்தம் கேட்டாலே அந்த ஆள் பெட்டிப் பாம்பு.

"நம்ம மேல தப்பு இல்ல. தப்பு பண்றவன்தான் போலீசுக்குப் போன் பண்ணப் பயப்படுவான்" என்கிறாள். ஸ்டேஷனில் அவளுக்கு 'அலாரம் அம்மா' என்று பேராம். அதையும் பெருமையாகத்தான் சொல்கிறாள்.

மார்ச் 11

வகுப்பில் இன்று பயிற்சி கொடுக்கும் இன்ஸ்பெக்டர், குற்றங்களைச் சிவப்புப் புள்ளிகளால் குறித்த நகர வரைபடம் ஒன்றை மாட்டினார். எங்கள் தெரு அம்மை போட்டதுபோல் சிவந்து கிடந்தது.

"உங்க தெருதானே மேடம்?"

புள்ளி எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். புகார் எங்கிருந்து வருகிறதோ அங்கே ஒரு புள்ளி. புள்ளி கூடினால் ரோந்து கூடும். யார் செய்தது, நடந்ததா இல்லையா என்றேன். "அதெல்லாம் அப்புறம் மேடம், விசாரணையில."

சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிவப்பில் பாதி என் அம்மா! விளக்கு, பாட்டில், தொலையாத சைக்கிள். அவளுடைய யோக்கியதை முழுக்க அங்கே சுவரில் குற்றமாகத் தொங்குகிறது.

அதையே பாடமாக எடுத்தேன். பெரிய வீட்டுத் தெருக்களில் வாட்ச்மேனே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறான். அங்கே புள்ளி விழாது. ஜீப் நிற்கிற இடத்தில்தான் ஆள் பிடிபடுவான், ஆள் பிடிபட்ட இடத்துக்குத்தான் மறுபடி ஜீப் வரும் என்றேன்.

"அப்ப உங்க தெருவுல திருடனே இல்லைங்கறீங்களா?" என்றார் முன்பெஞ்சுக்காரர்.

"இருக்கான். உங்க தெருவுலயும் இருக்கான். அங்க யாரும் தேடல."

யாரும் எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மார்ச் 12

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். முறைத்தாள். "அப்ப கீழ்வீட்டுக்காரி அடி வாங்கிட்டே இருக்கட்டும்ங்கறியா? இதுக்குத்தான் அவ்வளவு படிச்சியாடி?"

 

மார்ச் 20

தம்பிக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது! லிஃப்ட் கம்பெனியில் இத்தனை நாள் தினக்கூலி மெக்கானிக். இனி போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. "அது நமக்கு என்ன, அல்வா சாப்பிடற மாதிரி" என்றாள் அம்மா. அவனுடைய கருவிகளுக்குப் புதுப் பை வாங்கிக் கொடுத்தாள். கறுப்புப் பை, நிறைய ஜிப். சின்னக் குழந்தை மாதிரி ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

மார்ச் 27

தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம், தெருமுனையில். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவனை — ஏன்? ஏன் என்றா கேட்கிறேன், மறுபடியும்?

பையில் கடப்பாறை மாதிரி ஒரு கம்பி, டார்ச், லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவி. "எந்த வீட்டுக் கதவுக்குடா இது?" கம்பெனி சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான், லிஃப்ட் கதவு சார், லிஃப்ட் கதவு சார் என்கிறான்.

ரோந்தில் முன்பெஞ்சுக்காரரும் இருந்தார். களப் பயிற்சியாம். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சாரி மேடம். உங்க தம்பின்னு தெரியாது."

வேறு யாருடைய தம்பியாவது என்றால் பரவாயில்லையா?

வீட்டில் அம்மா, பழக்க தோஷம், போலீசுக்கே போன் செய்திருக்கிறாள். "என் புள்ளையப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க, சீக்கிரம் வாங்க." அதற்கும் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள்.

மார்ச் 28

விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. உதடு வீங்கியிருக்கிறது. படியில் இடித்துக்கொண்டானாம். அம்மா நம்புவதுபோல் தலையாட்டினாள்.

ஏப்ரல் 9

சான்றிதழ் வந்தது. கடைசியில் ஒரு வரி: 'சந்தேகத்தின் பேரில் காவலில் வைத்து விசாரிக்கப்பட்டவர்.' கம்பெனி மேனேஜர் தம்பியை உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தாராம். "உன்னப் பத்தி எனக்குத் தெரியும்ப்பா. ஆனா அடுத்தவங்க வீட்டுக்குள்ள போற வேலை, பாரு." நிரந்தரமும் போனது, தினக்கூலியும் போனது. பாவிகள். காபி ஒன்றுதான் கேடு.

ஏப்ரல் 15

பாடப் புத்தகத்தில் இன்றைய பகுதி: 'இவ்வினங்களின் வேலையற்ற இளைஞர்களிடையே விரக்தியும் ஆத்திரமும் மிகுந்து, குற்றத்தை நோக்கி அவர்களைத் தள்ளுகின்றன.' வகுப்பில் சத்தமாக வாசித்துக்காட்டினேன். அந்த வேலையற்ற இளைஞன் என் வீட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறான். போன மாதம்வரை அவன் இந்தப் புத்தகத்திலேயே இல்லை. பிடித்து இழுத்து உள்ளே போட்டுவிட்டு, எப்படி வந்தாய் என்று விளக்கம் எழுதுகிறார்கள். நான் அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசிக்கிறேன்.

மே 6

தெருவிளக்கு எரியவில்லை. மாடிப்படியில் மறுபடி கண்ணாடித் துண்டுகள். அம்மாவே விளக்குமாறை எடுத்துக்கொண்டு போனாள். போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மே 20

"நல்ல செய்தி மேடம்!" இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல். புது வரைபடத்தில் எங்கள் தெரு வெளிறிப் போயிருந்தது. "கூடுதலா ரோந்து போட்டோம்ல, அதான்."

"குறைஞ்சது குற்றம் இல்ல சார், போன்" என்றேன்.

"எப்படியோ, குறைஞ்சுதே."

முன்பெஞ்சுக்காரர் எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சொன்னதையா, நான் சொன்னதையா, தெரியவில்லை.

மே 26

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கீழ்வீட்டில் ஆரம்பித்தது. முதலில் பாத்திரம் விழும் சத்தம். அப்புறம் அவள் குரல். அம்மாவைப் பேர் சொல்லாமல் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். மேலே பார்த்துத்தான் கூப்பிட்டிருப்பாள்.

அம்மா போனைக் கையில் எடுத்தாள். நானும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

என் போன் என் பக்கத்திலேயே இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தம்பி கை கழுவாமலே எழுந்தான். "நான் போய்ப் பாத்துட்டு வரேன்." அம்மா அவனுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "நீ போவாத. ஜீப் தெருமுனையிலதான் நிக்குது. நீ அவன் மேல கைய வச்சா உன்னத்தான்டா தூக்குவாங்க." கும்பிட்டாள் அவனை. பெற்ற பிள்ளையைக் கும்பிட்டாள். கீழே சத்தம் அடங்கும்வரை கதவைவிட்டு நகரவில்லை.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது கீழ்வீட்டு அக்காவும் அங்கே இருந்தாள். ஒரு கண் மூடியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. க்ளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாளை வகுப்பு இருக்கிறது. வரைபடத்தில் எங்கள் தெரு இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும்.