வாள் மட்டும் கிடைத்தது

வாட்டர்ஃபோர்டு,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, நோரீன் எழுதுவது. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். பேசிப் பேசித் தொண்டைதான் கட்டிவிட்டது.

நேற்று ஒரு வேடிக்கை. பழைய கோபுரத்தில் சுற்றுலாக் கூட்டத்துக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வைக்கிங் வீரன் ஒருவனின் வாளைக் காட்டினேன். "எலும்பெல்லாம் மண்ணோட போயிடுச்சு, வாள் மட்டும்தான் கிடைச்சுது" என்று வழக்கம்போலச் சொன்னேன். கார்க் நகரிலிருந்து வந்த ஒரு அம்மாள், "அப்போ அவன் செத்துட்டான்னு அவங்கம்மாகிட்ட யாரும்மா போய்ச் சொன்னது?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நம் வீட்டு வாசல்தான் கண்முன் வந்தது. தம்பி கோல்மின் படகு மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்கிய அன்று, உன்னிடம் வந்து சொன்னது நான்தானே.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியாம கேட்டுட்டேன் கண்ணு, நீ உக்காரு" என்று தன் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். மற்றவர்கள் தாங்களாகவே மாடியேறிப் பார்த்தார்கள். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, கவலைப்படாதே.

இங்கே தினமும் மழை. கதவுக்குப் பின்னால் தொங்கும் தம்பியின் மழைக்கோட்டை அனுப்புவாயா? எடுக்க மனம் வராவிட்டால் அங்கேயே இருக்கட்டும். நான் வேறு வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டம் வாசலில் நிற்கிறது, போகிறேன்.

உன் நோரீன்