அவள் கையை விடச் சொன்னீர்கள்

டீச்சர்,

இன்று காலை தேய்க்க வந்த மூட்டையில் ஒரு காக்கிச் சட்டை இருந்தது. தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் ஆவியோடு கிளம்பிய வாசனையில் கை நின்றுவிட்டது. நீங்கள் இறந்துபோய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்னும் உங்களிடம் சொல்ல ஏதாவது சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

ரேவதிக்காகப் போலீஸ் வந்த அன்றும் கொச்சியில் இதே மட்டாஞ்சேரி சந்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் யாரையோ தள்ளிவிட்டாள், போலீஸ் வந்திருக்கிறது என்று பள்ளியிலிருந்து போன். போட்டது போட்டபடி ஓடி வந்தேன். ஆட்டிசம் உள்ள பிள்ளை, பதின்மூன்று வயது, பயந்தால் வாயில் சொல் வராது. ஆண்டுவிழா ஒத்திகையில் செண்டை மேளச் சத்தம் தாங்காமல் வெளியே ஓடியவள், வழியில் நின்ற ஒரு மாணவியைத் தள்ளியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு உதடு கிழிந்துவிட்டது.

நான் போனபோது ரேவதி வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் கிடந்தாள். ஒரு போலீஸ்காரர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பல் பதிந்திருந்தது. நீங்கள் சேலையோடு தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கையை விடுங்க சாரே. பிடிச்சா கடிப்பா. விட்டா அவளே வருவா."

நான் அவர் காலில் விழப் போனேன். நீங்கள் என் தோளைப் பிடித்து நிறுத்தினீர்கள். பிறகு தலைமையாசிரியரிடம் கேட்டீர்கள்: "போன மாசம் இதே கிளாஸ்ல ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டு, ஒருத்திக்குக் கை ஒடிஞ்சது. அன்னைக்கு அம்மாமாரை விளிச்சோம். இவளுக்கு மட்டும் எதுக்கு போலீஸ்?"

போலீஸ்காரர்தான் கையை விட்டுவிட்டு, முரட்டுப் பிள்ளை என்று மட்டுமே தன்னிடம் சொன்னார்கள் என்றார். வழக்கு எதுவும் எழுதாமல் போனார். அரைமணி நேரம் கழித்து ரேவதி தானாக வெளியே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் நீங்கள் என்னை அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். "அவளுக்கும் வலிச்சதல்லே" என்றீர்கள். எனக்குக் கோபம். நீங்கள் எங்கள் பக்கம் மட்டும் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. நீங்கள் வாசலில் நின்றே, எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னீர்கள். உதட்டில் தையலோடு உள்ளேயிருந்து அந்தப் பெண்தான், ரேவதிக்குச் சத்தம் பிடிக்காதா என்று கேட்டாள்.

போன மாதம் காது கேளாத ஒரு பிள்ளைக்காக மறுபடி பள்ளிக்குப் போலீஸ் வந்தது. அதன் அம்மா அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். கூடப் போனேன். நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். சைகை தெரிந்த ஒருவர் வரும்வரை யாரும் விசாரிக்கக் கூடாது என்றேன். வெளியே காக்க வைத்தார்கள், ஆனாலும் ஆளை வரவழைத்தார்கள். காத்திருந்தபோது உங்கள் அறையை எட்டிப் பார்த்தேன். உங்கள் நாற்காலியில் வேறு யாருடையதோ பை. அங்கே நிற்க முடியவில்லை, டீச்சர்.

முன்பெல்லாம் எங்கே போனாலும், "மன்னிச்சிருங்க, இவ இப்படித்தான்" என்றுதான் ஆரம்பிப்பேன். ஒருநாள் படகுத்துறைக்கு நடக்கும்போது நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள், முதலில் பெயரைச் சொல்லு என்று. இப்போது ஆஸ்பத்திரியானாலும் ஆபீஸானாலும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

இவள் ரேவதி. என் மகள்.